ஐந்து குளோன் கொலாஜன் எதிர்ப்பொருள் கலவை: மூன்று முறை வாங்கிய ஓர் ஆய்வகத்தின் மதிப்புரை

எங்கள் ஆய்வகம் கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வாங்கிய ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். விற்பனைப் பட்டியல்களில் அது ‘ஐந்து குளோன் காக்டெயில்’ என்ற பெயரில் இருக்கும். குருத்தெலும்பின் முதன்மைப் புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனில் வெவ்வேறு இடங்களில் போய் ஒட்டும் ஐந்து மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை, அதாவது ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நகல்களான ஒரு குளோனிலிருந்து வந்த எதிர்ப்பொருள்களை, ஒரே குப்பியில் கலந்து, கூடவே பாக்டீரியாவின் வெளியுறையிலிருந்து எடுத்த எல்பிஎஸ் கரைசலை இன்னொரு சிறு குப்பியில் வைத்து அனுப்புகிறார்கள். முதல் குப்பியில் உள்ளதை ஆரோக்கியமான சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, மூன்று நாள் கழித்து இரண்டாவதைச் செலுத்தினால், ஒரு வாரத்துக்குள் அதன் கால்கள் சிவந்து வீங்கிவிடும். மூட்டுகளில் அழற்சியைத் தரும் முடக்குவாதத்தைச் சுண்டெலியில் வைத்து ஆராய்வதற்கான மாதிரி இது. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இத்தகைய கலவையை விற்கின்றன. எங்களுக்கு அனுப்பியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. கீழே சொல்லப்போகும் குறைகளில் பாதி அவர்களுடையது, மீதிப் பாதி இந்தப் பொருளுக்கே உரியது.

இப்படி ஒரு பொருள் ஏன் உருவானது என்பதைச் சொல்லாமல் அதை மதிப்பிட முடியாது. 1940-இல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர், முடக்குவாத நோயாளிகளின் இரத்த நீர், எதிர்ப்பொருள் பூசப்பட்ட ஆட்டுச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். பின்னர் ருமட்டாய்டு காரணி என்று பெயர் பெற்ற அந்தப் பொருள், உடல் தன் சொந்த எதிர்ப்பொருளுக்கு எதிராகவே உண்டாக்கிய எதிர்ப்பொருள். அன்று தொடங்கிய வழக்கு ஒன்று இருக்கிறது: தன்னெதிர்ப்பொருள் நோயை உண்டாக்குகிறதா, அல்லது நோய் வந்த வீட்டில் புகையாக எழுகிறதா? நோயாளியின் இரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வழக்குக்குத் தீர்ப்பே வராது. எதிர்ப்பொருளைத் தனியே பிரித்தெடுத்து, நோயற்ற ஓர் உயிருக்குள் செலுத்தி, நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நோயைத் தன்னெதிர்ப்பு நோய் (உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் நோய்) என்று நிறுவுவதற்கான சான்றுகளை 1993-இல் வரிசைப்படுத்திய நோயல் ரோஸும் கான்ஸ்டன்டின் போனாவும் இதைத்தான் நேரடிச் சான்று என்று தனியே எடுத்து வைத்தார்கள்.

முடக்குவாதத்தில் அந்தச் சோதனைக்கு வழி திறந்தது 1977-இல். டேவிட் ட்ரென்தமும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளுக்கு இரண்டாம் வகைக் கொலாஜனை எண்ணெய்க் குழம்பில் கலந்து ஊசி போட்டபோது, அவற்றுக்குப் பல மூட்டுகளில் அழற்சி வந்தது. 1980-இல் அதே நோய் டிபிஏ/1 என்ற சுண்டெலி இனத்திலும் உண்டாக்கப்பட்டது. 1983-இல் ஜான் ஸ்டூவர்ட்டும் ஃபிராங்க் டிக்சனும் நோயுற்ற சுண்டெலியின் இரத்த நீரை நோயற்ற சுண்டெலிக்கு மாற்றிச் செலுத்தி, அதனாலேயே மூட்டு அழற்சி வருவதைக் காட்டினார்கள். இரத்த நீர் என்பது ஆயிரம் பொருள்களின் கலவை என்பதால் ஐயம் முழுவதும் தீரவில்லை. 1992-இல் குனியாகி டெராடோவின் குழு, தனித்தனிக் குளோன்களிலிருந்து தயாரித்த எதிர்ப்பொருள்களைக் கலந்து செலுத்தியே நோயை உண்டாக்கியது. ஒரே ஒரு குளோன் போதவில்லை என்பதும், கொலாஜனின் பல இடங்களை ஒரே நேரத்தில் பிடிக்கும் கலவையே வேலை செய்தது என்பதும் அந்த ஆய்வில் முக்கியமான செய்திகள். எல்பிஎஸ் சேர்த்தால் குறைந்த அளவு எதிர்ப்பொருளே போதும் என்று 1995-இல் தெரியவந்தது. இன்று நாம் பணம் கொடுத்து வாங்கும் பெட்டி, இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் அட்டைப் பெட்டிக்குள் அடைத்து விற்பதுதான்.

இனி பயன்பாட்டுக்கு வருகிறேன். குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருக்கும். பால்ப்-சி இனச் சுண்டெலிக்கு 1.5 மில்லிகிராம் செலுத்தினோம். அதாவது 150 மைக்ரோலிட்டர், சிறு ஊசியில் ஒரு கோடு. ஆனால் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பெரும்பாலும் சி57 பிளாக் 6 பின்னணியில்தான் கிடைக்கும், அந்த இனமோ இந்த நோய்க்கு எளிதில் இடம் கொடுக்காது. அதற்கு 5 மில்லிகிராம் தேவைப்பட்டது. 25 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலியின் வயிற்றுக்குள் அரை மில்லிலிட்டர் நீர்மம். விலையும் அதே விகிதத்தில் ஏறும் என்பதை முதல் முறை ஆர்டர் செய்தபோது நாங்கள் சரியாகக் கணக்கிடவில்லை. 20 சுண்டெலிகளுக்கான கலவையின் விலை, எங்கள் ஆய்வு மாணவர் ஒருவரின் சில மாத உதவித்தொகைக்குச் சமமாக வந்து நின்றது.

மூன்றாம் நாள் எல்பிஎஸ் செலுத்திய மறுநாள் காலையில் கூண்டுகளைத் திறந்தால், சுண்டெலிகள் முதுகை வளைத்து, முடி சிலிர்த்து, ஒரு மூலையில் ஒன்றாக ஒடுங்கியிருக்கும். அது இன்னும் மூட்டு நோய் அன்று. எல்பிஎஸ் தந்த காய்ச்சல் போன்ற சோர்வு. ஐந்தாம் நாள்தான் உண்மையான தொடக்கம். பின்காலில் ஒரே ஒரு நடுவிரல் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே தடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊதாச் சாயலில் தெரியும். ஏழாம் நாள் கணுக்கால் மடிப்பே தெரியாத அளவுக்குப் பாதம் உருண்டு விடும். ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, நான்கு கால்களுக்கும் சேர்த்து 16-க்குக் கணக்கிடுவது வழக்கம். எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர்தான் மதிப்பெண் போட வேண்டும். வீங்கிய கால்களை ஊன்றி எழுந்து மேலே உள்ள கம்பித் தட்டிலிருந்து தீவனத்தை எட்டிப் பிடிக்க அவற்றால் முடியாது. நனைத்த தீவனத்தைத் தரையிலேயே சிறு கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்று, பெட்டியுடன் வரும் இருபது பக்கக் கையேட்டில் ஒரு வரி கூட இல்லை. எங்கள் விலங்குப் பராமரிப்பாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள் இதையும், எவ்வளவு எடை குறைந்தால் சோதனையை நிறுத்துவோம் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

இந்தப் பொருளின் மிகப் பெரிய பலம், அதன் வேகமும் சீர்மையும். கொலாஜனையே ஊசியாகப் போடும் பழைய முறையில், குழம்பைக் கெட்டியாகக் கலக்கத் தெரிந்த கை வேண்டும், 21-ஆம் நாள் மறுஊசி வேண்டும், அதன் பிறகும் எந்தச் சுண்டெலிக்கு எந்த நாளில் நோய் தொடங்கும் என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்கு வராமலேயே போகும். இங்கே தொடக்க நாள் நம் கையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், சுண்டெலியின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பொருளை உருவாக்க வேண்டிய தேவையே இல்லாததால், பழைய முறைக்கு இன்றியமையாத திசுப்பொருத்த மரபணு வகை இங்கே தடையாக இருப்பதில்லை. எதிர்ப்பொருள் மூட்டை அடைந்த பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வியை மட்டும் தனியே வெட்டி எடுத்துக் கேட்க இதைவிட நேரான வழி குறைவு.

அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் விடை அழகானது. கொலாஜனைப் பிடித்த எதிர்ப்பொருள், குருத்தெலும்பின் மேற்பரப்பில் காம்ப்ளிமென்ட் புரதங்களை, அதாவது எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் இரத்தப் புரதங்களைச் செயல்படத் தூண்டுகிறது. அவற்றிலிருந்து வெட்டுண்டு வெளிவரும் சி5ஏ என்ற சிறு துண்டு நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்களை மூட்டுக்குள் அழைக்கிறது. வந்து சேர்ந்த செல்கள் தங்கள் எஃப்சி ஏற்பிகள் வழியாக எதிர்ப்பொருளின் வாலைப் பற்றிக்கொண்டு நொதிகளைக் கொட்டுகின்றன. செயலூக்கும் எஃப்சி ஏற்பிகள் இல்லாத சுண்டெலிகளுக்கு இந்தக் கலவையைச் செலுத்தினாலும் நோய் வருவதில்லை என்று 2003-இல் காட்டப்பட்டது. எதிர்ப்பொருளின் வாலில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியை ஒரு பாக்டீரிய நொதியால் நறுக்கிவிட்டால், அதே எதிர்ப்பொருள் தன் தீங்கு செய்யும் ஆற்றலைப் பெருமளவு இழந்துவிடுகிறது என்பது 2007-இல் வெளிவந்த முடிவு. முடக்குவாத நோயாளிகளின் எதிர்ப்பொருள்களில் இந்தச் சர்க்கரைச் சங்கிலி இயல்புக்கு மாறாக இருப்பதை 1985-லேயே கண்டிருந்தார்கள் என்பதை இதனுடன் சேர்த்துப் படிக்கும்போது, சுண்டெலிக்கும் மனிதருக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் தெரிகிறது.

இங்கே வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிபிஏ/1, டிபிஏ/2 என்ற இரண்டு இனங்களுக்கும் பெயரில் ஓர் எண்தான் வேறுபாடு. ஆனால் டிபிஏ/2 சுண்டெலிக்குப் பிறவியிலேயே, சி5ஏ துண்டு வெட்டுண்டு வரும் சி5 புரதம் கிடையாது. மேலே சொன்ன சங்கிலியின் நடுக் கண்ணியே அதில் இல்லை. எங்கள் மாணவர் ஒருவர் கொள்முதல் படிவத்தில் 1-க்குப் பதில் 2 என்று எழுதியதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்திராவிட்டால், கலவை கெட்டுப்போனது என்று நிறுவனத்தின் மீது பழி போட்டு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருப்போம்.

நிறுவனத்தின் மீது உண்மையாகவே போட வேண்டிய பழி வேறு இருக்கிறது. இரண்டாவது முறை வாங்கியபோது, பெட்டி சுங்கத்தில் சில நாள் கிடந்து வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த குளிர்ப் பைகள் வெறும் தண்ணீர்ப் பைகளாகி, அறையின் வெப்பத்துக்கே வந்திருந்தன. குப்பிகளைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மெல்லிய வெண்படலம். எதிர்ப்பொருள்கள் ஒன்றோடொன்று திரண்டிருக்கின்றன என்று பொருள். திரண்ட எதிர்ப்பொருள் கொலாஜனைத் தேடிப் போகாமலேயே காம்ப்ளிமென்ட்டைத் தூண்டக்கூடியது என்பதால், அதைச் செலுத்தி வரும் முடிவை எப்படிப் படிப்பது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு குப்பியைச் சுழலியில் இட்டுத் தெளிந்த நீர்மத்தை, எதிர்ப்பொருள் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கும் எலைசா சோதனையில் கொலாஜனுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் முறை வந்த கலவையைவிடப் பிணைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. வெப்பநிலையைப் பதிவு செய்யும் சில்லு எதுவும் பெட்டியில் இல்லாததால், கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு என்ற கடிதப் போக்குவரத்து ஆறு வாரம் நீண்டது. இறுதியில் பாதி அளவுக்கு மாற்றுக் குப்பிகள் வந்தன. அந்த ஆறு வாரத்தில் சுண்டெலிகளுக்கு வயதாகிவிட்டது. இந்த மாதிரியில் வயதும் பாலினமும் நோயின் கடுமையை மாற்றும் என்பதால், அவற்றை வைத்துத் திட்டமிட்ட சோதனையைச் செய்ய முடியாமல் போனது. மூன்றாவது முறை வாங்கும்போது வெப்பநிலைப் பதிவுச் சில்லு வேண்டும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதினோம், வந்தது. கேட்டால்தான் கிடைக்கிறது.

எல்பிஎஸ் குப்பியைப் பற்றிய என் குறை இதைவிட ஆழமானது, அதை எந்த நிறுவனமும் தீர்த்துவைக்க முடியாது. எல்பிஎஸ் தானாகவே டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக உடலெங்கும் அழற்சியைக் கிளப்புகிறது. ஒரு புதிய மருந்து இந்தச் சுண்டெலியின் வீக்கத்தைக் குறைத்தால், அது தன்னெதிர்ப்பொருளின் விளைவைத் தடுத்ததா, எல்பிஎஸ்ஸின் விளைவைத் தடுத்ததா? எல்பிஎஸ் மட்டும் பெறும் ஒரு குழுவும், கொலாஜனை அறியாத வேறொரு எதிர்ப்பொருளுடன் எல்பிஎஸ் பெறும் ஒரு குழுவும் இல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அந்த ஒப்பீட்டு எதிர்ப்பொருளைப் பெட்டியில் வைப்பதில்லை. தனியாக, தனி விலைக்கு வாங்க வேண்டும். உப்பும் புளியும் கடையில் தனித்தனியாக வாங்குவது நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் ரசப்பொடி என்று எழுதி விற்பவர் மிளகைச் சேர்க்காமல் விடுவதை எப்படி ஏற்பது?

எல்பிஎஸ் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று உண்டு. கே/பிஎக்ஸ்என் என்ற சுண்டெலி இனத்தை டயான் மாதிஸ், கிறிஸ்தோஃப் பெனுவா ஆகியோரின் குழு 1996-இல் விவரித்தது. இரண்டு இனங்களைக் கலந்தபோது பிறந்த குட்டிகளுக்கு எதிர்பாராமல் தானாகவே மூட்டு அழற்சி வந்தது. அவற்றின் இரத்த நீரில் சிறிதளவு எடுத்து வேறு சுண்டெலிக்குச் செலுத்தினால், எல்பிஎஸ் எதுவும் இல்லாமலேயே இரண்டு நாளில் பாதம் வீங்கத் தொடங்கும். இந்த இரத்த நீர் பிடிக்கும் இலக்கு, எல்லாச் செல்களிலும் சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஜிபிஐ என்ற சாதாரண நொதி என்று 1999-இல் தெரிந்தபோது பலர் வியந்தார்கள். உடலெங்கும் உள்ள பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் மூட்டை மட்டும் ஏன் தாக்க வேண்டும்? அந்த நொதி குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிந்திருப்பதையும், அந்தப் பரப்பில் காம்ப்ளிமென்ட்டை அடக்கி வைக்கும் புரதங்கள் இல்லாததையும் 2002-இல் காட்டி அந்தப் புதிரில் பெரும் பகுதியை அவிழ்த்தார்கள். அறிவியல் சுவை என்று பார்த்தால் எனக்குக் கொலாஜன் கலவையைவிட இதுவே பிடிக்கும். ஆனால் இதற்குக் கடையில் பெட்டி கிடைப்பதில்லை. அந்த இனத்தை வளர்த்து, இரத்தம் எடுத்துச் சேமிக்கும் கூட்டத்தை ஆய்வகம் தானே பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு சேமிப்பின் வீரியமும் வேறுபடும்.

இந்த மாதிரிகளை நம்பி எழுதப்படும் முடிவுகளிலும் நிதானம் வேண்டும். திசுக்களில் இருந்து அழற்சியைத் தூண்டும் மாஸ்ட் செல் இல்லாத சுண்டெலிகளுக்கு கே/பிஎக்ஸ்என் இரத்த நீர் நோயைத் தரவில்லை என்று 2002-இல் வந்த ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. அதே செல்களை வேறொரு மரபணு முறையில் நீக்கிய சுண்டெலிகளுக்கு நோய் வழக்கம்போல் வந்தது என்று 2011-இல் வந்தது. குப்பியில் இருந்தது ஒன்றுதான், மாறியது சுண்டெலி.

இனி, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘முடக்குவாத மாதிரி’ என்ற சொல்லைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். இன்று மருத்துவர் ஒருவர் முடக்குவாதத்தை உறுதி செய்யப் பார்ப்பது ருமட்டாய்டு காரணியையும், சிட்ரூலின் ஏறிய (ஓர் அமினோ அமிலம் சிட்ரூலினாக மாறிய) புரதங்களுக்கு எதிரான, நாம் ஏசிபிஏ என்று சுருக்கிச் சொல்லும் எதிர்ப்பொருள்களையும்தான். 2010-ஆம் ஆண்டின் நோய் வகைப்பாட்டு அளவுகோலில் இரண்டும் இடம் பெற்றுள்ளன. மூட்டு வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவை பலரின் இரத்தத்தில் தோன்றிவிடுகின்றன. இந்தக் கலவையில் இரண்டில் ஒன்றும் இல்லை. இதில் உள்ளது கொலாஜன் எதிர்ப்பொருள், அது நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே காணப்படுவது. ஏசிபிஏவைச் சுண்டெலிக்குள் செலுத்திப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடையும் நேரானதாக இல்லை. 2006-இல் வந்த ஆய்வில், சிட்ரூலினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் தனியாக மூட்டு அழற்சியைத் தரவில்லை. கொலாஜன் எதிர்ப்பொருளைக் குறைந்த அளவில் செலுத்தி லேசான அழற்சி உண்டாக்கிய பிறகு சேர்த்தபோது மட்டும் நோயைக் கடுமையாக்கியது. முதலில் மூட்டில் ஏதோ ஒரு தீப்பொறி, அதன்பின் சிட்ரூலின், அதன்பின் ஏசிபிஏ என்ற வரிசையை அது சொல்கிறது. 2023-இல் வந்த இன்னோர் ஆய்விலோ, ஏசிபிஏ வகையைச் சேர்ந்த ஓர் எதிர்ப்பொருள் சுண்டெலியை மூட்டு நோயிலிருந்து காப்பாற்றியது. தன்னெதிர்ப்பொருள் என்றாலே வில்லன் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்திருப்பார்கள்.

மருந்துச் சோதனைக்காக வாங்க நினைப்பவர்கள் 2005-இல் வெளிவந்த ஒரு முடிவைப் படித்துவிட்டு ஆர்டர் செய்யட்டும். முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட், நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களைச் சார்ந்த மூட்டு அழற்சியைச் சுண்டெலியில் தணித்தது. எதிர்ப்பொருளைச் செலுத்தி உண்டாக்கிய அழற்சியைத் தணிக்கவில்லை. நோயாளிகளுக்குப் பயன்படும் மருந்தையே தோற்றதாகக் காட்டும் மாதிரியில் உங்கள் புதிய மருந்து தோற்றால், அதை எடுத்து எறிய வேண்டுமா? ஒப்பீட்டுக்கு நாங்கள் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பயன்படுத்தினோம், வீக்கம் சட்டென்று தணிந்தது. ஆனால் டெக்சாமெதசோன் எந்த வீக்கத்தைத்தான் தணிக்காது?

இவ்வளவு குறை சொல்லியும் மூன்று முறை வாங்கினோம் என்றால், காரணம் வலி. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்த பிறகும் இந்தச் சுண்டெலிகளின் பாதத்தில் வலியுணர்வு மட்டும் நீடிப்பதை 2012-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்தால் வீக்கம் அடங்கியும் வலி அடங்கவில்லை என்று சொல்லும் நோயாளிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அதே வழியில் 2019-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே போனது: கொலாஜன் எதிர்ப்பொருள்கள் அழற்சி எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே, வலியைக் கடத்தும் நரம்புகளில் உள்ள எஃப்சி ஏற்பிகளை நேரடியாகத் தூண்டி வலியை உண்டாக்குகின்றன. இந்தக் கேள்விகளுக்கு எல்பிஎஸ் செலுத்துவதற்கு முந்தைய நாள்களே போதும். என் பெரிய குறை அங்கே தானாக விலகிவிடுகிறது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், எதிர்ப்பொருளுக்குப் பிந்தைய அழற்சியைப் படிப்பவர்களுக்கு நான்கு, வலியைப் படிப்பவர்களுக்கு நான்கரை, தன்னெதிர்ப்பு எப்படித் தொடங்குகிறது என்று தேடுபவர்களுக்கு ஒன்று கூட இல்லை. அவர்கள் குழம்பு கலக்கக் கற்றுக்கொண்டு கொலாஜன் ஊசி முறைக்கே போக வேண்டும். அனுப்பும் சேவைக்குத் தனியாக இரண்டு. எங்கள் உறைபெட்டியில் மூன்றாவது முறை வந்ததில் இரண்டு குப்பிகள் மீதம் இருக்கின்றன. அடுத்த மாதம் அவற்றை எல்பிஎஸ் இல்லாமல் செலுத்தி, கம்பிவலைத் தரையின் மேல் சுண்டெலியை நிறுத்தி, குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் வான் ஃப்ரே இழையால் கீழிருந்து பாதத்தைத் தொட்டு, எந்த அழுத்தத்தில் காலை உதறுகிறது என்று நாள்தோறும் குறிக்கப் போகிறோம். எல்பிஎஸ் குப்பிகள் மூன்றும் பிரிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. வேண்டும் என்பவர்கள் குளிர்ப் பையுடன் வந்தால் எடுத்துச் செல்லலாம்.